உன் சார்பில் நான் எழுதியது

சங்கரிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்க எனக்கு முகம் இல்லை. கேட்காமலே தொடங்குகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. வருகிற வியாழக்கிழமை உன் பாடத்திட்டக் குழு கூடுகிறது. நீ கொடுத்த விலகல் கடிதத்தை அன்றைக்குத்தான் ஏற்பார்கள், அதுவரை அதை நீயே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். நடுவில் மூன்று நாள் இருக்கிறது. நீ என்னோடு பேசி இன்றோடு பதினாறு நாளாகிறது. இந்த இரண்டு கணக்கைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை. காலையில் நிக்டி மார்க்கெட்டுக்குப் போனேன். கொத்தமல்லிக்காரர் மூன்று தடவை கேட்டும் என்ன வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெறும் பையோடு திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

தமிழில் எழுதுகிறேன். உனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், தெரியும். ஆனால் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் என் கை தன்னாலே 'ரெஸ்பெக்டட் சார்' என்று போகிறது. இருபத்தெட்டு வருஷம் காலேஜில் டீச்சர் வேலை பார்த்த கை. அந்தக் கை செய்த வினைதான் இத்தனையும். தமிழில் எனக்கு ஆபீஸ் கடிதம் எழுதத் தெரியாது. அதனால் பொய் சொல்லவும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் படிக்க உனக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் நீ என்னோடு இருப்பாய் அல்லவா, அந்த ஆசையும்தான். அப்பா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவார். படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். படிக்கட்டும். இனி இதை யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

போன வருஷம் உங்கள் பல்கலைக்கழகத்தில் நீ அந்தக் குழுவுக்கு மாணவர் பிரதிநிதியாகத் தேர்வானதும் வெளிநாட்டிலிருந்து போன் செய்தாய். "அம்மா, இங்க சிலபஸ மாத்தணும்னா எங்களையும் கேக்கணும். பாதி பேரு ப்ரொஃபஸர்ஸ், பாதி பேரு ஸ்டூடண்ட்ஸ். ஒரே டேபிள், ஆளுக்கு ஒரு ஓட்டு" என்றாய். எனக்கு அது தலையிலேயே ஏறவில்லை. எங்கள் காலேஜில் மாணவர் பிரதிநிதி என்றால் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவன், ஆண்டு விழாவுக்கு ஸ்பீக்கர் பெட்டி ஏற்பாடு செய்கிறவன். "அங்க டீ யாரு கொண்டு வந்து வைப்பா, நீங்களா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "யாரு முதல்ல வராங்களோ அவங்க போடுவாங்க. போன தடவை எங்க கோர்ஸ் டைரக்டர்தான் போட்டாரு" என்றாய். நான் அதைப் பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா ஜோஷி காகுவிடம் பெருமையாகச் சொன்னேன். என் பெண் டைரக்டர் போட்ட டீயைக் குடிக்கிறாள் என்றுதான் பெருமைப்பட்டேன். அந்த மேஜையில் நீ என்ன பேசுகிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

நீயாகத்தான் சொன்னாய். அங்கேயும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை என்றாய். சில கூட்டங்களில் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, மாணவர்களைக் கேட்டோம் என்று எழுதிக்கொள்வதற்காகவே உங்களைக் கேட்கிறார்கள் என்றாய். நீரியல் படிப்பில் இரண்டாம் வருஷம் எல்லோரும் உள்ளூர் நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சி முடித்தே ஆக வேண்டும் என்று புது விதி கொண்டுவந்தார்கள். அந்த ஊர் மொழி தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைகளை எந்த நிறுவனமும் சேர்த்துக்கொள்ளவில்லை. பதினோரு பேருக்கு ஒரு வருஷம் வீணாகும் நிலை. நீயும், உன்னோடு அதே குழுவில் இருக்கும் கானா நாட்டு அறைத்தோழி அபெனாவும் ஒவ்வொருவராகப் பார்த்து, அவரவர் நிலைமையை எழுதி, கையெழுத்து வாங்கி, குழுவில் வைத்தீர்கள். அன்று சாயந்திரம் நீ போனில் சொன்னது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. "அம்மா, டைரக்டர் முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். முடிவு பண்ணிட்டு வந்து கருத்து கேக்குறீங்க, இதுக்குப் பேரு பார்ட்னர்ஷிப் இல்லைன்னு. அவர் முகமே மாறிப்போச்சு."

உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கோ பயம். அவர் முகம் மாறிப்போச்சு என்ற இடத்தோடு என் காது அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நீ சொன்ன எதுவும் கேட்கவில்லை. முகம் மாறிய டைரக்டர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார். ப்ராஜெக்ட் கையெழுத்தை இழுத்தடிப்பார். விசா புதுப்பிக்கக் கேட்கும் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டுவிடுவார். எப்படித் தெரியும் என்றால், நாங்கள் அதைச் செய்திருக்கிறோம்.

எங்கள் துறையில் மர அலமாரியின் இரண்டாவது தட்டில் ஒரு நீல ஃபைல் உண்டு. அதில் இருந்ததெல்லாம் பெற்றோரின் மன்னிப்புக் கடிதம். ஒரு பிள்ளை ஆசிரியரை எதிர்த்துப் பேசினால், கும்பலாகச் சேர்ந்து கேள்வி கேட்டால், அப்பாவையோ அம்மாவையோ வரவழைப்போம். எதிரே உட்காரவைத்து நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதுவார்கள். என் பிள்ளை அறியாமல் செய்துவிட்டான், கூடாத சேர்க்கையால் செய்துவிட்டான், இனி நடக்காது, நடந்தால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். எனக்கு மனப்பாடம். இங்கிலீஷ் வராதவர்களுக்கு மராத்தியிலும் ஹிந்தியிலும் சொல்லுவேன். கையெழுத்து விழுந்ததும் விஷயம் முடிந்தது என்று ஃபைலை மூடுவோம். பிள்ளையைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி கிடையாது என்று நான் மனதார நம்பினேன். அதுதான் பெரிய பாவம், சங்கரி. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் என்றைக்காவது கை கூசியிருக்கும்.

நீ போனை வைத்த ஒரு மணி நேரத்தில் அந்த டைரக்டரின் மின்னஞ்சல் முகவரியை உங்கள் பல்கலைக்கழகத்து வலைத்தளத்தில் தேடி எடுத்தேன். அப்பா பேங்குக்குப் போயிருந்தார். நீல ஃபைலில் இருந்ததை அப்படியே எழுதினேன். என் மகள் சின்னப் பெண், உலகம் தெரியாதவள், பொறுத்தருள வேண்டும் என்றேன். அது போதாது என்று தோன்றியது. சும்மா மன்னிப்புக் கேட்டால் எடுபடாது, பழி வேறொருவர் மேல் போனால்தான் நம் பிள்ளை தப்பும் என்பது எங்கள் தொழில் கற்றுத்தந்த பாடம். அபெனாவின் பெயரை எழுதினேன். அவள்தான் தூண்டிவிட்டாள், அந்தப் பதினோரு பேரிடமும் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினாள், என் பெண்ணுக்கு அதில் இஷ்டமே இல்லை என்று எழுதினேன். ஒரு வார்த்தை உண்மை இல்லை. அபெனாவை நான் வீடியோவில் பார்த்திருக்கிறேன். உனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். அரிசியும் தண்ணீரும் எத்தனைக்கு எத்தனை என்று என்னிடமே கேட்டுத்தான் வைத்தாள். "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் பெயரைத்தான் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. உங்கள் மகள் எந்தத் தவறும் செய்யவில்லை, இந்தக் குழுவில் அவர் எங்களுக்குச் சமமான உறுப்பினர், அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி உங்களோடு பேசுவது முறையாகாது, ஆகவே இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தார். இன்னொரு உறுப்பினர் மேல் குற்றச்சாட்டு இருப்பதால் குழுவின் முன்னும் வைக்க வேண்டியிருக்கிறது என்றும் இருந்தது. சமமான உறுப்பினர் என்ற இடத்தை நான் நாலு தடவை படித்தேன். முகம் மாறிய பிறகும் ஒரு மனிதர் இப்படி எழுதுவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்லியிருப்பாய். எனக்குத்தான் காது அடைத்திருந்தது.

பிறகு நீ கூப்பிட்டாய். அழவில்லை, கத்தவில்லை. "அம்மா, அபெனா பேர எப்படி எழுதின?" என்று மட்டும் கேட்டாய். நான் விசா, இன்டர்னல் என்று உளறினேன். நீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டதை நீ எடுக்கவே இல்லை. ஐந்தாம் நாள் நீ குழுவிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்துவிட்டாய் என்று அப்பா சொன்னார்.

இந்தப் பதினாறு நாளாக எனக்கு ஓம்காரின் அப்பா நினைவாகவே இருக்கிறது. உனக்கு அவரைத் தெரியாது. நீ அப்போது பத்தாவது. ஓம்கார் எங்கள் துறையில் மூன்றாம் வருஷம். மாணவர் கருத்துக் கூட்டத்தில் எழுந்து, லேபில் இருக்கும் ஆறு மோட்டாரில் ஒன்றுதான் ஓடுகிறது, மீதிக்கு ரீடிங்கை சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டான். கருத்துக் கூட்டம் என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள், அவன் கருத்துச் சொன்னான். அவன் அப்பாவை வரச் சொன்னேன். போசரியில் ஏதோ கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். முதல் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். நாற்காலியில் எண்ணெய் பட்டுவிடும் என்று நுனியில் உட்கார்ந்தார். நான் சொன்னதை எல்லாம் எழுதினார், கையெழுத்தும் போட்டார். எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "மேடம், ஏக் விசாரூ கா?" என்றார், ஒன்று கேட்கட்டுமா என்று. கேளுங்கள் என்றேன். "மோட்டார் ஓடலைன்னு பையன் சொன்னது பொய்யா?" என்று மராத்தியில் கேட்டார். நான், அது விஷயம் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஓம்கார் படிப்பை முடித்தான், வேலைக்கும் போனான். ஹிஞ்சேவாடி பக்கம் ஏதோ கம்பெனியில் இருக்கிறான் என்று கேள்வி. குடி முழுகிப் போகவில்லை. ஆனால் மீதி இருந்த ஒன்றரை வருஷமும் அவன் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை. சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை மேடம் என்பான். அந்த 'இல்லை மேடம்' எனக்கு அப்போது நல்ல பிள்ளையின் லட்சணமாகப் பட்டது. இப்போது நீ எடுக்காமல் உன் போன் அடித்து ஓயும்போதெல்லாம் அதுதான் காதில் விழுகிறது. அவன் என்னோடு பேசாமல் இருந்தது என்னை ஒன்றும் செய்யவில்லை. நீ பேசாமல் இருப்பது என்னைத் தின்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது உனக்கே தெரியும், மறந்தாயோ என்னவோ. அங்கீகாரக் குழு வருகிறது என்று ஒரு வருஷம் காலேஜே அல்லோலப்பட்டது. மூன்று வருஷத்து மாணவர் கருத்துப் படிவங்கள் காட்ட வேண்டும். ஒன்றுகூட வாங்கி வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு கட்டு வீட்டுக்கு எடுத்துப் போய் நிரப்பச் சொன்னார்கள். எல்லாம் என் கையெழுத்தாக இருந்தால் தெரிந்துவிடும் என்று உன்னையும் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்தேன். எட்டாவது படித்தாய். நாலு விதப் பேனா கொடுத்தேன். "அம்மா, எல்லாத்துக்கும் வெரி குட் போட்டா நம்ப மாட்டாங்க. நடுநடுவுல வெறும் குட் போடட்டுமா?" என்று கேட்டாய். உன் சாமர்த்தியத்தை மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரிக்கவைத்தேன். இடையில் நீ, "நெசமா அந்த அக்கா அண்ணன்லாம் என்ன எழுதியிருப்பாங்க?" என்றும் கேட்டாய். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து நீ வீடு வீடாகப் போய்ப் பதினோரு பேரிடம் நெசமாக என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதினாய். அதைத்தான் உன் அம்மா பொய் என்று எழுதி அனுப்பினாள்.

நேற்று வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. உனக்கு என் மேல் கோபம், அந்தக் கோபத்தில் விலகிவிட்டாய் என்று நினைத்தேன். டைரக்டருக்கு இன்னொரு கடிதம் எழுதினேன், நான் முன்பு எழுதியது பொய், அவளுடைய விலகலை ஏற்காதீர்கள் என்று. அனுப்பவில்லை. அப்பா பார்த்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். நேற்று லேப்டாப்பை என் முன்னாலிருந்து இழுத்து மூடினார்.

"திரும்பவும் எழுதப் போறியா? அவ என்ன ஒண்ணாங்கிளாஸா படிக்கா?"

"நான் எழுதினது பொய்யின்னு நானே எழுதிட்டா சரியாப் போவும்லா?" என்றேன்.

"யாரு நம்புவா? அன்னைக்கு ஒண்ணு எழுதுன, இன்னைக்கு இன்னொண்ணு எழுதுத. மக மிரட்டி எழுத வச்சிருக்கான்னு நினைக்க மாட்டாவளா?"

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீ அவரிடம் சொன்னதைச் சொன்னார். சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டாயாம். அவர் மேல் கோபப்படாதே.

"அவளுக்கு உம் மேல கோவம் இருக்கத்தான் செய்யும். ஆனா விலகுனது அதுக்காண்டி இல்ல. வியாழக்கிழமை கூட்டத்துல எல்லாரும் அவளப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேப்பாவ, அந்தக் கடுதாசில இருக்கது நெசமா பொய்யான்னு. நெசம்னு சொன்னா அந்தக் கருத்தப் பிள்ளைக்கும் பதினோரு பேருக்கும் துரோகம். பொய்யின்னு சொன்னா, எங்கம்மா பொய்க்காரின்னு இருக்கவ்வளவு பேருக்கு முன்னால சொல்லணும். எங்கம்மா ஒரு டீச்சர்ப்பா, எப்படிப்பா சொல்ல, வாய் வரமாட்டேங்குன்னு அழுதா. கூட்டத்துக்கே போவாண்டாம்னு முடிவு பண்ணிட்டா."

சங்கரி, இதைக் கேட்ட பிறகு நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லியிருந்தாலும், அழுதுவிட்டு, ஒரு நாள் மனம் மாறுவாய் என்று காத்திருப்பேன். நீயோ என் பெயரைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாய். நான் எத்தனையோ பிள்ளைகளின் வாயை மூடியிருக்கிறேன், அவர்கள் அப்பா அம்மாவின் கையைக்கொண்டே மூடியிருக்கிறேன். என் சொந்தப் பிள்ளையின் வாயை அவளுடைய பாசத்தைக்கொண்டே மூடிவிட்டேன். பெற்றவள் செய்கிற காரியமா இது.

நீ போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். மாணவர் பக்கம் ஓர் ஓட்டுக் குறையும். அதைவிட, வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்ற சந்தேகம் அந்தத் தாள்களின் மேல் அப்படியே நிற்கும். அபெனா எத்தனை சொன்னாலும், குற்றம் சாட்டப்பட்டவள் வேறு எப்படிச் சொல்லுவாள் என்பார்கள். இது பொய் என்று சொல்லக்கூடிய ஆள் அந்த மேஜையில் நீ ஒருத்திதான். பதினோரு பேரும் யார் பெற்ற பிள்ளைகளோ. அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி போன் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பெயர் வேண்டாம், பிள்ளே. அந்த மேஜையில் இருக்கிற யாரையும் நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. பார்த்தாலும் பரவாயில்லை. உன் அம்மா டீச்சர் என்பதற்காக அவள் சொன்ன பொய் உண்மையாகிவிடாது. அதைப் பொய் என்று சொல்வது அவளைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகாது. நீ காட்டிக்கொடுக்க நான் என்ன ஒளிந்துகொண்டா இருக்கிறேன்? நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று நீ சொன்னால் அனுப்புகிறேன். அபெனாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கட்டுமா, எப்போது கேட்கட்டும் என்று நீ சொல். நீ சொல்லாமல் இனி உன் சார்பில் ஓர் எழுத்துகூட என் கையால் எழுத மாட்டேன். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது, போவாயா, போவாயா என்று. இப்படிக் கெஞ்சுவதும் இன்னொரு வற்புறுத்தல்தானோ என்று பயமாகவும் இருக்கிறது. எனக்கு வேறு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

என்னோடு பேசாவிட்டாலும் சரி, அங்கே பேசு. அவர்கள் கேட்கும்போது தலையைக் குனியாதே, எனக்காகச் சமாதானம் சொல்லாதே, அம்மாவுக்கு வயசாகிவிட்டது, பயந்துவிட்டாள் என்றெல்லாம் இழுக்காதே. நேராகச் சொல். என் அம்மா எழுதியது பொய் என்று சொல், சங்கரி. அது உண்மை.

அம்மா